பெரிய பன்னாட்டு விமான நிலையத்தில் வழி தெரியாமல் நிற்காமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தில் பறப்பதைவிட விமானம் வரை போய்ச் சேர்வதுதான் பலருக்குப் பயம். உறவினர்களும் நண்பர்களும் பயணத்துக்கு முன் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தின் வரைபடத்தை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எவ்வளவு பெரிய நிலையமானாலும் நாம் கடக்க வேண்டியது ஐந்தாறு வாசல்கள்தான். அடுத்த வாசல் எது, அதை எத்தனை மணிக்கு மூடுவார்கள், தாண்டிவிட்டால் திரும்பி வர விடுவார்களா? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே நடந்தால் போதும்.

எத்தனை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும்?

பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கணக்கு சும்மா வந்ததில்லை. டிக்கெட்டில் போட்டிருப்பது விமானம் நகரத் தொடங்கும் நேரம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுகின்றன. விமானத்தில் ஏறுவதற்கான வாசலை, அதாவது கேட்டை, 15 அல்லது 20 நிமிடம் முன்பு மூடுகிறார்கள். ஆக, 10 மணி விமானம் என்றால் பெட்டி போட உங்களுக்குள்ள கெடு 9 மணி. அதற்குப் பிறகு பாதுகாப்புச் சோதனை வரிசை, குடியேற்றப் பிரிவு வரிசை, கேட் வரை நடை. வரிசை எவ்வளவு நீளம் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

வீட்டிலேயே வெப் செக்-இன் செய்துவிட்டேன், இனி அவசரமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கையில் ஒரு பை மட்டும் என்றால் கொஞ்சம் தாமதமாகப் போகலாம். பெட்டி போடுவதாக இருந்தால், அதே கவுன்ட்டர், அதே கெடு. ஆறு மணி நேரம் முன்னால் போயும் பயனில்லை. கவுன்ட்டர் பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம் முன்புதான் திறக்கும். அதுவரை பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நள்ளிரவு விமானத்துக்குத் தேதியை எப்படிக் கணக்கிடுவது?

தெரிந்தவர் ஒருவரின் டிக்கெட்டில் 15ஆம் தேதி, 00:30 என்று இருந்தது. அவர் 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, நிதானமாக விமான நிலையத்துக்குப் போனார். விமானம் ஏறத்தாழ இருபது மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. 00:30 என்றால் 15ஆம் தேதி பிறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும் நேரம். வீட்டிலிருந்து 14ஆம் தேதி இரவே கிளம்பியிருக்க வேண்டும். 00:00 முதல் 04:00 வரை எந்த நேரத்தைப் பார்த்தாலும் “முந்தைய நாள் இரவு கிளம்ப வேண்டும்” என்று கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: டிக்கெட்டில் உள்ள நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம்தான். புறப்பாட்டுக்குப் புறப்படும் ஊரின் நேரம், வருகைக்கு இறங்கும் ஊரின் நேரம். இரண்டையும் கழித்துப் பார்த்துப் பயண நேரம் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

எந்த டெர்மினல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிக்கெட்டிலேயே இருக்கும். ஆனாலும் முந்தைய நாள் விமான நிறுவனத்தின் தளத்திலோ செயலியிலோ ஒருமுறை பாருங்கள். டெர்மினல் எண்களை வீட்டுக் கதவு எண் போல நினைக்கக் கூடாது. லண்டன் ஹீத்ரோவில் இன்று 2, 3, 4, 5 இருக்கின்றன. 1 இல்லை, 2015இல் மூடிவிட்டார்கள். 2-க்கும் 3-க்கும் நடந்தே போகலாம். 4-க்கும் 5-க்கும் ரயில் பிடிக்க வேண்டும். துபாயில் 2ஆம் டெர்மினல், 1-க்கும் 3-க்கும் நடுவில் இல்லை. ஓடுபாதைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டாக்ஸி தப்பான இடத்தில் இறக்கிவிட்டால் அங்கே அரை மணி நேரம் போய்விடும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் டிக்கெட் வாங்குவீர்கள், விமானம் இன்னொரு நிறுவனத்துடையதாக இருக்கும். கோட்ஷேர் என்பார்கள். டிக்கெட்டில் “ஆபரேட்டட் பை” என்று சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போக வேண்டியது அந்த நிறுவனத்தின் டெர்மினலுக்கு, அந்த நிறுவனத்தின் கவுன்ட்டருக்கு.

ஒரே ஊரில் இரண்டு மூன்று விமான நிலையங்களும் இருக்கலாம். டோக்கியோவுக்கு ஹனெடா, நரிட்டா. நியூயார்க் போவோருக்கு ஜே.எஃப்.கே, லகார்டியா, நெவார்க். ஊர்ப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அதன் அருகிலுள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்.

போர்டிங் பாஸில் எதைப் பார்க்க வேண்டும்?

நான்கே விஷயம்: விமான எண், கேட், ஏறத் தொடங்கும் நேரம், இருக்கை. மற்றதெல்லாம் ஊழியர்களுக்கானது.

அதிகம் பேர் குழம்புவது இருக்கை எண்ணிலும் கேட் எண்ணிலும்தான். 23ஏ என்றால் இருக்கை, ஏ23 என்றால் கேட். இருக்கைக்கு எண் முன்னால் வரும், கேட்டுக்குப் பெரும்பாலும் எழுத்து முன்னால் வரும். பி12 கேட்டைத் தேட வேண்டியவர் 12பி-யைத் தேடி அலைவதை நானே பார்த்திருக்கிறேன். கேட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் பதற வேண்டாம். இன்னும் ஒதுக்கவில்லை என்று அர்த்தம்.

மூலையில் “எஸ்” என்ற எழுத்து நான்கு முறை வரிசையாக அச்சாகியிருந்தால், அது அமெரிக்க விமானங்களில் வரும் அடையாளம். உங்களைக் கூடுதலாகச் சோதிப்பார்கள். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதற்கான நேரத்தை மட்டும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் ஏன் சிலரை மட்டும் நிறுத்தி வைக்கிறார்கள்?

பெரும்பாலும் திரவம்தான் காரணம். 2006 ஆகஸ்டில், குடிபானப் பாட்டில்களில் திரவ வெடிபொருளை எடுத்துப்போய் விமானங்களைத் தகர்க்கும் சதி பிரிட்டனில் முறியடிக்கப்பட்டது. அதிலிருந்துதான் கைப்பையில் 100 மி.லி. வரம்பு வந்தது. பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு, உள்ளே இருப்பது அல்ல. 200 மி.லி. ஷாம்பு பாட்டிலில் அடியில் கொஞ்சமே மிச்சம் இருந்தாலும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பற்பசை, களிம்பு எல்லாம் இந்தக் கணக்கில் திரவம்தான். தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம்.

புதிய ஸ்கேனர்கள் வந்த சில நிலையங்களில் இந்த வரம்பைத் தளர்த்திவிட்டார்கள். அதை நம்பிப் பெரிய பாட்டிலோடு கிளம்பினால், நடுவில் மாறும் நிலையத்தில் பழைய விதி இருந்து பிடுங்கிக்கொள்ளலாம். ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கிய திரவத்தை ஒரு சீல் வைத்த பையில் ரசீதோடு தருவதும் இதற்காகத்தான். கடைசி ஊர் போய்ச் சேரும்வரை அந்தப் பையைப் பிரிக்க வேண்டாம்.

அடுத்து பவர் பேங்க். இதைச் சரக்கில் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் உண்டு, சரக்கு அறையில் இல்லை. பொதுவான வரம்பு 100 வாட்-ஹவர். உங்களுடையதில் எம்.ஏ.எச். (mAh) மட்டும் போட்டிருந்தால் அதை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-ஹவர், சரி. 30,000 என்றால் 111. இதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் கிடையாது. எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எத்தனை என்று படிக்க முடியாததை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரிகள் உண்டு.

பெல்ட், சில்லறை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வரிசையில் நிற்கும்போதே கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுங்கள். டிரேயில் தனித்தனியாகப் போட்டால் அந்தப் பக்கம் பொறுக்குவதற்குள் பின்னால் நிற்பவரின் பை வந்து மோதும். அந்த அவசரத்தில்தான் பாஸ்போர்ட்டை விடுகிறார்கள். நகர்வதற்கு முன் பாஸ்போர்ட், போன், போர்டிங் பாஸ் என்று வாய்விட்டு எண்ணுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அறிவிப்பு செய்வார்களா?

அறிவிப்பை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். இரைச்சலைக் குறைப்பதற்காகப் பல பெரிய நிலையங்கள் பொது அறிவிப்புகளை வெகுவாகக் குறைத்துவிட்டன. திரைதான் கதி. திரையில் ஊர்ப் பெயரைத் தேடாமல் விமான எண்ணைத் தேடுங்கள். ஒரே ஊருக்குக் கால் மணி நேர இடைவெளியில் இரண்டு விமானங்கள் இருக்கும். கோட்ஷேர் காரணமாக ஒரே விமானம் மூன்று எண்களில் மாறி மாறி வரும். கேட் போட்ட பிறகும் மாற்றுவார்கள். அதனால் ஏறும்வரை அவ்வப்போது திரையை ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

கேட்டின் முதல் எழுத்து பெரும்பாலும் கட்டடத்தின் பிரிவைக் குறிக்கும். அட்லாண்டாவில் டி-யில் (T) தொடங்கி, பிறகு ஏ (A) முதல் எஃப் (F) வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிவுகள். அடியில் ஒரு ரயில் அவற்றை இணைக்கிறது. ஹீத்ரோவின் 5ஆம் டெர்மினலில் பி, சி கேட்டுகள் தனிக் கட்டடங்களில் இருக்கின்றன; கடைகளைப் பார்த்துக்கொண்டு பிரதானக் கட்டடத்திலேயே இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் ரயிலைத் தேடி ஓடுபவர்கள் அங்கே ஏராளம். சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3 டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனையே கேட் வாசலில்தான். அதாவது கேட் வரை வந்துவிட்டோம் என்று நிம்மதியடையும் இடத்தில் இன்னொரு வரிசை காத்திருக்கும். முதலில் கேட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்கோ கழிப்பறைக்கோ போவது என் வழக்கம்.

மேலே தொங்கும் பலகைகளை நம்பலாம். அவற்றுக்காக நிறைய யோசித்திருக்கிறார்கள். 1974இல் திறந்த பாரிஸின் சார்ல் தெ கோல் நிலையத்துக்காக, நடந்துகொண்டே தூரத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படிக்க முடிகிற எழுத்துரு வேண்டும் என்று எழுத்துரு வடிவமைப்பாளர் ஏட்ரியன் ஃப்ரூட்டிகரை உருவாக்கச் சொன்னார்கள். அவர் பெயரிலேயே அது பிறகு உலகமெங்கும் பரவியது. ஆக, பலகையை நம்புங்கள். முன்னால் போகும் கூட்டத்தை நம்பாதீர்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நடுவில் விமானம் மாற வேண்டும். என்ன செய்ய வேண்டும்?

முதலில் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா என்று பாருங்கள். எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றி எதுவுமே தெரியாது. நடு நிலையத்தில் குடியேற்றப் பிரிவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டின் விசா தேவைப்படலாம். மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் அப்படி வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெட்டி எதுவரை போகிறது என்பதைச் செக்-இன் கவுன்ட்டரிலேயே பார்த்துவிடலாம். பெட்டியின் கைப்பிடியில் ஒரு நீளமான காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டுவார்கள். அதில் பெரிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். பெல்ட்டில் பெட்டி நகர்வதற்கு முன் குனிந்து படியுங்கள். உங்கள் கடைசி ஊரின் குறியீடு இருந்தால் சரி. நடு ஊரின் குறியீடு இருந்தால் அங்கே இறங்கி எடுக்க வேண்டும். அதே பட்டையிலிருந்து கிழித்து உங்களுக்குத் தரும் சின்ன ஸ்டிக்கரில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் பெட்டியின் அடையாள எண், பத்திரம்.

இறங்கியதும் “ட்ரான்ஸ்ஃபர்ஸ்” அல்லது “கனெக்டிங் ஃப்ளைட்ஸ்” என்ற பலகையைத் தேடுங்கள். “அரைவல்ஸ்” என்ற பலகை ஊருக்குள் போகிறவர்களுக்கு. இங்கேதான் நான் ஒருமுறை ஏமாந்தேன். நள்ளிரவுத் தூக்கக் கலக்கத்தில், என்னோடு இறங்கிய முப்பது நாற்பது பேரின் பின்னாலேயே நடந்து, எஸ்கலேட்டரில் இறங்கி, குடியேற்றப் பிரிவு வரிசையில் போய் நின்றுவிட்டேன். எஸ்கலேட்டர் இறங்க மட்டும்தான், ஏற வழியில்லை. அந்த நாட்டு விசாவும் கையில் இல்லை. ஒரு காவலர் வந்து, ஊழியர்களுக்கான லிஃப்டில் என்னை மேலே கொண்டுபோய் விடும்வரை முக்கால் மணி நேரம் போயிற்று. மூன்று மணி நேர இடைவெளி இருந்ததால் பிழைத்தேன்.

விதிவிலக்குகளில் பெரியது அமெரிக்கா. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் அங்கே விமானம் மாறினாலும் குடியேற்றச் சோதனை உண்டு. அதனால் விசா அல்லது விசா விலக்குக்கான முன் அனுமதி இல்லாமல் ஏறவே விட மாட்டார்கள். பொதுவாக முதலில் இறங்கும் அமெரிக்க நிலையத்தில் பெட்டியையும் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள்; அங்கே கணக்கு வேறு. ஒரு ஷெங்கன் நாட்டில் இறங்கி இன்னொரு ஷெங்கன் நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால், முதல் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சோதனை முடிந்துவிடும். அதற்கான நேரத்தை அங்கேதான் ஒதுக்க வேண்டும். வெளியே போகாமல் விமானம் மட்டும் மாறுவதற்குக்கூடச் சில நாட்டுப் பாஸ்போர்ட்களுக்கு ட்ரான்சிட் விசா கேட்கும் நாடுகள் உண்டு. டிக்கெட் வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

அம்மா அப்பா தனியாக வருகிறார்கள், மொழியும் தெரியாது. வீல்சேர் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை. டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது. விமானத் துறையில் இதற்கு மூன்று நிலைகள் உண்டு. படி ஏற முடியும், நீண்ட தூரம்தான் நடக்க முடியாது என்பது ஒன்று. படியும் ஏற முடியாது என்பது இரண்டாவது. இருக்கை வரை தூக்கித்தான் வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. உண்மை நிலையைச் சரியாகச் சொல்லுங்கள். விமானம் கட்டடத்தோடு இணைக்கும் பாலத்தில் நிற்காமல் தூரத்தில் நின்று, பேருந்தில் போய்ப் படியேற வேண்டி வந்தால் அப்போது இந்த வித்தியாசம் புரியும்.

அவர்களிடம் சொல்ல வேண்டியவை: ஊழியர் “இங்கே உட்காருங்கள்” என்று விட்டுப் போனால், அடுத்த ஊழியர் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வீல்சேர் பயணிகளை முதலில் ஏற்றுவார்கள், இறக்குவது கடைசியில். அதனால் விமானம் மாறும் இடத்தில் இடைவெளி கூடுதலாக இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். ஒரு அட்டையில் பெயர், விமான எண்கள், போய்ச் சேரும் ஊர், அழைக்க வேண்டிய போன் எண், தினசரி மருந்துகள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி, பாஸ்போர்ட்டோடு வைத்து அனுப்புங்கள். போன் சார்ஜ் போய்விட்டாலும் அட்டை பேசும்.

மறதி, பதற்றம், ஆட்டிசம் போல வெளியே தெரியாத சிரமம் உள்ளவர்களுக்குச் சூரியகாந்திப் பூ போட்ட பச்சை நிறக் கழுத்துப் பட்டை உண்டு. 2016இல் லண்டன் கேட்விக்கில் தொடங்கியது, இப்போது உலகின் பல நிலையங்களில் அதன் பொருள் ஊழியர்களுக்குத் தெரியும்.

இலவச வைஃபை ஏன் வேலை செய்வதில்லை?

பல இடங்களில் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அதிலுள்ள எண்ணைக் கேட்பார்கள். வெளிநாட்டில் உங்கள் சிம்முக்கு அது வராமல் போகலாம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கடவுச்சொல் தரும் இயந்திரமோ தகவல் கவுன்ட்டரோ இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கெட்டையும் தங்கும் முகவரியையும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் வைஃபையே தேவையில்லை.

குடியேற்ற அதிகாரி என்ன கேட்பார்?

எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகச் சொன்னால் போதும். தங்கும் முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் காகிதத்தில் இருப்பது நல்லது, ஏனென்றால் பல இடங்களில் அந்த வரிசையில் போனை எடுக்கவே கூடாது.

பெட்டி வரவில்லை என்றால்?

பெல்ட் நின்றுவிட்டதா, திரையில் வேறு பெல்ட் எண் மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பெரிய பெட்டிகள், குழந்தை வண்டி போன்றவை தனி மூலையில் வரும். அங்கும் இல்லையென்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் விமான நிறுவனத்தின் லக்கேஜ் கவுன்ட்டரில் புகார் எழுதிக் குறிப்பு எண் வாங்குங்கள். அந்தப் பத்து இலக்க ஸ்டிக்கர் இப்போதுதான் கைகொடுக்கும்.

1999இன் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமென்றால் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்கள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கொண்டு இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நகை, மருந்து, சான்றிதழ் மூன்றையும் சரக்கில் போடவே வேண்டாம்; எந்த இழப்பீடும் அவற்றுக்கு ஈடாகாது. பெட்டியைக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். “கறுப்பு நிறம், சக்கரம் வைத்தது” என்று சொன்னால் கவுன்ட்டரில் இருப்பவர் பெருமூச்சு விடுவார்.

சுங்கத்தில் பச்சை வழியா, சிவப்பு வழியா?

அறிவிக்க வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சந்தேகமாக இருந்தால் சிவப்பில் போய்க் கேளுங்கள். பச்சையில் போய் மாட்டினால் அது மறைத்ததாகக் கணக்கு.

வரவேற்க வருகிறவர் எங்கே நிற்பார்?

“வெளியே நிற்கிறேன்” என்பது பெரிய நிலையத்தில் முகவரியே இல்லை. ஒரே டெர்மினலில் நான்கைந்து வெளிவாசல்கள் இருக்கும். டெர்மினல் எண்ணையும் வாசல் எண்ணையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாசல் எண் தெரியாவிட்டால் தகவல் கவுன்ட்டர் முன்னால் என்று சொல்லலாம், எங்கும் அது இருக்கும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கையசைப்பவர் தெரிந்ததும் ஓடிப் போய்விடாதீர்கள். அந்தக் கதவைத் தாண்டினால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். பெட்டிகளை ஒருமுறை எண்ணிவிட்டு, கழிப்பறை போக வேண்டியவர் போய் வந்த பிறகு வெளியே வாருங்கள்.